லாபம், இரண்டு, மூன்று

2024ஆம் ஆண்டு, மே மாதம் பதினான்காம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி நாற்பது நிமிடம். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. வானத்தில் மேகம் இரண்டு. இரண்டும் கடல் பக்கம், கோலா சுங்கை பாருவுக்கு மேலே. மழை வராது என்று தெரிந்தும் குடையை எடுத்துக்கொண்டேன். குடைக்குக் கம்பி எட்டு. அதில் ஒன்று உடைந்தது.

நான் நின்றுகொண்டிருந்த இடம் எங்கள் ஊர்த் தமிழ்ப்பள்ளியின் வாசல். அலோர் காஜாவிலிருந்து கடலுக்குப் போகும் சாலையில், தோட்டம் முடிந்து கடைகள் தொடங்கும் இடத்தில் அந்தப் பள்ளி இருக்கிறது. என் வீட்டிலிருந்து ஐம்பத்தொரு காலடி. அன்று பாலர் வகுப்புப் பிள்ளைகளைக் கடைத்தெருவுக்கு அழைத்துப் போய், ஊருக்கு உதவி செய்பவர்களை நேரில் காட்டுவதாக ஏற்பாடு. அஞ்சலகம், கிளினிக், பொம்பா என்று நாங்கள் சொல்லும் தீயணைப்பு நிலையம், கடைசியாக போலிஸ். மொத்தம் நான்கு.

பிள்ளைகளோடு பெரியவர்கள் இருவர் போக வேண்டும் என்பது தலைமையாசிரியை வைத்திருந்த சட்டம். வகுப்பு உதவியாளரான அம்மாவுக்குக் கால் வீங்கிவிட்டது. முதல் நாள் மாலை தலைமையாசிரியை எனக்குப் போன் செய்தார். எனக்கு முட்டி வலி, கண்ணில் ஆப்பரேஷன் செய்து நான்கு மாதம்தான் ஆகிறது, வெயில் ஒத்துக்கொள்ளாது என்று மூன்று காரணம் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "எண்ணுறதுல உங்கள மாதிரி ஆள் இந்த ஊர்ல இல்லன்னு சொல்றாங்க, கிராணி" என்றார். நான்காவது காரணத்தை நான் சொல்லவில்லை.

எண்ணுவது எனக்குத் தொழில். முப்பத்து நான்கு ஆண்டு தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கு எழுதுபவன். விடியுமுன் பெரட்டு என்னும் காலை வரிசையில் ஆட்களை நிறுத்தி, தலை எண்ணி, பெயர் பதிந்து, வேலைக்கு அனுப்பியவன். ஒரு நாளும் ஒரு தலை கூடியதில்லை, குறைந்ததுமில்லை. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அன்று நடந்ததைச் சொல்வதற்கு இது தேவைப்படுகிறது.

ஆசிரியை இருபத்து மூன்று வயதுப் பெண். வழக்கமான ஆசிரியை பிள்ளை பெறப் போயிருந்ததால் மாற்றாக வந்தவர். வந்து அன்றோடு இரண்டு நாள். வாசலில் நிற்கும்போது கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"பயமா இருக்கா டீச்சர்?"

"இந்த வாரம் பாக்குறேன், ஒழுங்கா போச்சுன்னா வருஷக் கடைசி வரைக்கும் இருங்கன்னு மேடம் சொல்லியிருக்காங்க, தாத்தா. பாலர் கல்வி டிப்ளோமா முடிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. தஞ்சோங் கிளிங் ஹோட்டல்ல பெட்ஷீட்டு மடிச்சுக்கிட்டு இருந்தேன். திரும்ப அங்க போக முடியாதுலா."

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்" என்றேன். சொன்னவுடனே எனக்குக் கவலை பிடித்துக்கொண்டது.

பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து ரயில்போல் நின்றார்கள். நான் விரலை நீட்டி "ஒண்ணு" என்றேன். முதலில் நின்ற பையனின் அம்மா என் விரலைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"தாத்தா, பிள்ளைங்கள இப்படி எண்ணாதீங்க. ஒம்பது வருஷம் கழிச்சுப் பொறந்தவன். கண்ணு பட்டுரும்."

"எண்ணாம எப்படிம்மா கூட்டிட்டுப் போறது?"

"எண்ணுங்க. எண்ணுற மாதிரி எண்ணாதீங்க."

நான் யோசித்தேன். தோட்டத்துக் கடையில் அரிசி அளக்கும்போது முதல் படியை "ஒன்று" என்று யாரும் சொல்லமாட்டார்கள். "லாபம்" என்பார்கள். அடுத்த படி இரண்டு, அதற்கடுத்தது மூன்று. ஒன்று என்று சொன்னால் அதோடு நின்றுவிடுமாம். லாபம் என்றால் பெருகுமாம். பெருகி நான் பார்த்ததில்லை. ஆனாலும் அந்த அம்மாவுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று அவர் மகனின் தலையில் உள்ளங்கையை வைத்து, "லாபம்" என்று உரக்கச் சொன்னேன். மற்றவர்களை வாய்க்குள்ளேயே எண்ணி முடித்தேன்.

"பதிமூணு பேர், டீச்சர்."

அந்த அம்மாவின் முகம் தெளிந்தது. ஆசிரியை, பெயர்கள் எழுதிய பதிவேட்டை அக்குளில் இடுக்கியிருந்தார்.

"அது எதுக்கு? வெயில்ல சொமை. எண்ணிக்கை இருந்தா போதும்" என்று வாங்கி, வாசல் காவலாளியின் மேசையில் வைத்துவிட்டேன். அன்று நான் செய்த காரியங்களில் இதுதான் மிகவும் தன்னம்பிக்கையோடு செய்தது.

ரயில் கிளம்பியது. என் கணக்கில் கடைத்தெரு நானூற்று இருபது காலடி. பிள்ளைகளுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. ரயிலின் வாலில் இரட்டை ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி வந்தாள். அவள் தன் முன்னால் இருந்தவன் சட்டையை விட்டுவிட்டு என் குடையைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா, நீங்க என்னா உதவியாளர்?"

"நான் எண்ணுறவன்."

"எண்ணி?"

"எண்ணினா எத்தன பேர் இருக்காங்கன்னு தெரியும்."

"தெரிஞ்சு?"

நல்லவேளை, அஞ்சலகம் வந்துவிட்டது.

அங்கே கவுண்டர் அம்மா ஒரு கடிதத்தைத் தூக்கிக் காட்டினார். பிள்ளைகளிடம் அசைவே இல்லை. ஒரு பையன் மட்டும், "எங்கம்மா வாங்குற செருப்பெல்லாம் இங்கதான் வருமா?" என்று கேட்டான். வரும் என்றதும் எல்லாரும் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தார்கள். கவுண்டர் அம்மா ஒவ்வொரு கையிலும் ஒரு முத்திரை குத்தினார். நான் எண்ணினேன். பதிமூன்று.

கிளினிக்கில் மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் தாதி, நெஞ்சில் வைத்துக் கேட்கும் குழாயைப் பிள்ளைகள் காதில் மாட்டிவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இரட்டை ரிப்பன் சிறுமி, "ஊசி எங்க வச்சிருக்கீங்க மிஸ்ஸி?" என்று கேட்டாள். ரயில் பின்பக்கமாக ஓடியது. பதினைந்து வினாடிக்குள் உள்ளே நானும் மிஸ்ஸியும் மட்டும் நின்றோம். வெளியே வந்து எண்ணினேன். பதிமூன்று.

பொம்பா நிலையத்தில் தீயணைப்பு வண்டி இல்லை. காவலுக்கு இருந்த ஒரே ஒருவர், யாரோ வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் பாம்பு புகுந்துவிட்டதாகவும், எல்லாரும் அதைப் பிடிக்கப் போயிருப்பதாகவும் சொன்னார்.

"அப்ப பாம்பு தொவைச்சிருமா?" என்று ஒருவன் கேட்டான்.

இதற்குப் பிறகு அந்த இடத்தை விட்டு அவர்களை யாரால் நகர்த்த முடியும்? பாம்பைப் பார்க்காமல் வரமாட்டோம் என்று அங்சனா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கோ அவசரம். எழுபத்து நான்கு வயதில் ஒரு காலைக்கு எத்தனை முறை என்ற கணக்கும் என்னிடம் உண்டு, இங்கே வேண்டாம்.

"டீச்சர், நான் வர்ற வரைக்கும் எண்ணிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டு நிலையத்துக்குப் பின்னால் இருந்த கழிப்பறைக்குப் போனேன்.

போய் வர ஆறு நிமிடம். திரும்பியபோது ஆசிரியையின் முகத்தில் ரத்தம் இல்லை.

"தாத்தா, ஒரு பிள்ளை கொறையுது. பன்னெண்டுதான் இருக்கு."

"சரியா எண்ணுனீங்களா?"

"மூணு தடவ எண்ணிட்டேன். மூணு தடவையும் பன்னெண்டு."

நான் எண்ணினேன். பதிமூன்று வந்தது. நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் ஒருவன் மரத்தைச் சுற்றி ஓடினான். மறுபடி எண்ணினேன். பதினான்கு. உட்காருங்கள் என்று அதட்டி மறுபடி எண்ணினேன். மூன்று பேர் குனிந்து எறும்பு பார்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொன்று.

இங்கேதான் என் படிப்பு என்னைக் கவிழ்த்தது. ஒன்றை மூன்று முறை எண்ணி மூன்று முறையும் ஒரே விடை வந்தால் அதுதான் சரி என்பது நான் கற்ற கணக்கு. அவருக்கு மூன்று முறையும் பன்னிரண்டு. எனக்கோ மூன்று விடை. ஆப்பரேஷன் செய்த என் இடது கண்ணை நினைத்தேன். பெரட்டுக் களத்தில் நின்ற கிராணி செத்துவிட்டான் என்று முடிவு செய்தேன்.

"யாரு இங்க இல்ல? பிள்ளைங்களா, பாத்துச் சொல்லுங்க" என்று ஆசிரியை கேட்டார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒரே குரலில், "டைனோசர் பேக்கு" என்றார்கள். டைனோசர் படம் போட்ட பை வைத்திருக்கும் ஒரு குண்டுப் பையன். நேற்று அவனைத்தான் முன் வரிசையில் பார்த்ததாக ஆசிரியை சொன்னார். இப்போது அவன் இல்லை. பையும் இல்லை.

ஆசிரியை நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "தாத்தா, என் வேலை போச்சு" என்றார். உடனே, "ஐயோ, பிள்ளை போயிருச்சே, நான் வேலையச் சொல்றேன்" என்று அழத் தொடங்கிவிட்டார்.

நான் போலிஸ் நிலையத்துக்கு நடந்தேன். ஓடினேன் என்று பிறகு சிலர் சொன்னார்கள். என் முட்டி அதை ஒப்புக்கொள்ளாது. அங்கிருந்த இளம் கான்ஸ்டபிள், "தெனாங் லா, பாக்சிக்" என்று, பதறாதீர்கள் பெரியவரே என்று மலாயில் சொல்லி, என்னை உட்கார வைத்தார். பையன் எப்படி இருப்பான் என்று கேட்டார். அவன் பையைப் பற்றி என்னால் சொல்ல முடிந்தது. பையனைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை. அதுவே போதும் என்று வாக்கி டாக்கியில் சொல்லிவிட்டு, இன்னொரு போலிஸ்காரரையும் அழைத்துக்கொண்டு என்னோடு வந்தார்.

சின்ன ஊரில் வாக்கி டாக்கி தேவையே இல்லை. நாங்கள் மரத்தடிக்கு வருவதற்குள் கிளினிக் மிஸ்ஸி முதலுதவிப் பெட்டியோடு வந்து நின்றார். சிவப்பு மோட்டார் சைக்கிளில் தபால்காரர் வந்தார். பின்சந்துகள் எல்லாம் பார்த்துவிட்டேன், டைனோசர் இல்லை என்றார். குப்பை லோரி வந்து நின்றது. அதிலிருந்து மூன்று பேர் குதித்து, நான் பார்க்கச் சங்கடப்படும் அளவுக்கு அக்கறையோடு, ஒவ்வொரு தொட்டியாக மூடியைத் திறந்து பார்த்தார்கள். ரொட்டி விற்கும் அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போய்க் கூவிவிட்டு வந்தார். கடைசியில் சைரன் ஒலிக்க தீயணைப்பு வண்டியே வந்துவிட்டது. அதிலிருந்து ஐந்து பேர் இறங்கினார்கள். ஒருவர் கையில் வாய் கட்டிய சாக்கு. சாக்கு நெளிந்தது.

பிள்ளைகளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஒருவன் தீயணைப்பு வீரரின் தொப்பியைப் போட்டிருந்தான். இருவர் வண்டியின் படியில் ஏறிவிட்டார்கள். குப்பை லோரியின் பின்கதவு எப்படி மேலே போகும் என்று ஓர் அண்ணன் செய்து காட்டினார். போலிஸ்காரரிடம், "நீங்க யாரையும் சுட்டிருக்கீங்களா?" என்று இரட்டை ரிப்பன் மலாயில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் இல்லை என்றதும் அவரைவிட்டுப் பாம்புச் சாக்கிடம் போனாள்.

மரத்துக்குப் பின்னால் ஆசிரியை மட்டும் தனியாக நின்று அழுதுகொண்டிருந்தார்.

அப்போது தலைமையாசிரியையின் வெள்ளைக் கார் வந்தது. அவர் குரலை உயர்த்தாதவர், உயர்த்தத் தேவையில்லாதவர். இறங்கும்போதே கையில் பதிவேடு இருந்தது. காவலாளி மேசையில் நான் வைத்த அதே பதிவேடு. யாரிடமும் எதுவும் கேட்காமல் பெயர்களைப் படித்தார். அவர் படித்த ஒவ்வொரு பெயருக்கும், வண்டிப் படியிலிருந்தும் தொப்பிக்கு அடியிலிருந்தும் ஒரு குரல் வந்தது. பதிமூன்று குரல்.

"டைனோசர் பேக்கு?" என்று நான் கேட்டேன்.

"அவன் பேர நான் கூப்பிடல. அவனுக்குக் காய்ச்சல். காலையிலேயே அவங்க அம்மா போன் பண்ணிட்டாங்க. வீட்டுல படுத்திருக்கான்."

எல்லாரும் பிள்ளைகளைப் பார்த்தார்கள். இரட்டை ரிப்பன் சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்து, "யாரு இல்லன்னு டீச்சர் கேட்டாங்க, சொன்னோம். ஏன் இல்லன்னு கேக்கலியே, தாத்தா" என்றாள்.

தலைமையாசிரியை ஆசிரியையின் பக்கம் திரும்பினார். "எப்படி எண்ணுனீங்க?"

"தாத்தா எண்ணுன மாதிரிதான், மேடம்."

"எண்ணிக் காட்டுங்க."

பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார்கள். ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் பையனின் தலையில் உள்ளங்கையை வைத்தார். ஒன்பது வருடம் கழித்துப் பிறந்தவன். "லாபம்" என்றார். அடுத்த பிள்ளையிடம் போனார். "ஒண்ணு." அதற்கடுத்த பிள்ளையிடம். "ரெண்டு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அவர் வரிசையின் கடைசிக்குப் போய், "பன்னெண்டு" என்று முடித்தார். அவ்வளவு பேர் நின்ற இடத்தில் சாக்கு மட்டும் அசைந்தது.

"மொதப் பிள்ளைய ஏன் எண்ணல?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"அது லாபம்னு தாத்தா சொன்னாரு, மேடம். கணக்குல சேக்கக் கூடாதுன்னு நெனச்சேன். எங்க சர்ச்சுல முதற்பலன் குடுப்போம்லா, அந்த மாதிரி. மொதல்ல வர்றது கடவுளுக்கு."

தலைமையாசிரியையும் தோட்டத்தில் பிறந்தவர்தான். அவர் சிரிப்பை அடக்க உதட்டை மடித்துக்கொண்டார். முதல் பையன், "என்னைக் கடவுளுக்குக் குடுத்துட்டீங்களா டீச்சர்?" என்று விசாரித்தான்.

"அது சரி. பதிவேடு ஏன் காவலாளி மேசையில இருந்துச்சு?"

ஆசிரியை தலையைக் குனிந்துகொண்டார். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டு தன் வேலையை இழக்கப் போகிறது என்பது எனக்குப் புரிந்தது. நானும் வாயை மூடிக்கொண்டு என் முப்பத்து நான்கு ஆண்டைக் காப்பாற்றிக்கொள்ளலாம். உள்ளபடி பார்த்தால் என் எண்ணிக்கை சரி. பதிமூன்று. இன்றும் சொல்கிறேன், பதிமூன்று சரி.

"நான்தான் வேணாம்னு வாங்கி வச்சேன்" என்றேன். "எண்ணிக்கையும் என் தப்பு."

"உங்க எண்ணிக்கை சரியாத்தானே இருந்துச்சு, கிராணி?"

"எண்ணுனது சரி. அவங்ககிட்ட எண்ணச் சொல்லிட்டுப் போனப்ப, லாபம்னா ஒண்ணுன்னு சொல்லிக் குடுக்கல. பெரட்டுல இப்படி நடந்தா கிராணி சம்பளத்தத்தான் புடிப்பாங்க. ஆளுங்க சம்பளத்தப் புடிக்க மாட்டாங்க."

அத்தனை போலிஸ், அத்தனை பொம்பா, குப்பை லோரி, தபால்காரர் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். தமிழ் தெரியாதவர்களுக்கு ரொட்டி அண்ணன் மலாயில் மொழிபெயர்த்துச் சொன்னார். அவர் சேர்த்துச் சொன்னது என்னவோ, நான் சொன்னதைவிட நீளமாக இருந்தது. எல்லாரும் சிரித்தார்கள்.

தலைமையாசிரியை தீயணைப்பு வண்டியையும் சுற்றி நின்றவர்களையும் பார்த்தார்.

"டீச்சர், நாலு இடத்துக்குத்தானே போறேன்னு எழுதிக் குடுத்தீங்க?"

"ஆமா, மேடம்."

"இப்ப இங்க எத்தன உதவியாளர் நிக்கிறாங்க?"

ஆசிரியை வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். மூடிக்கொண்டார்.

"நெறைய பேர், மேடம்."

தலைமையாசிரியை சிரித்ததை நான் பார்த்தது அன்று முதல்முறை. பதிவேட்டை ஆசிரியையின் கையில் கொடுத்தார். "வருஷக் கடைசி வரைக்கும் இது உங்க கைய விட்டு எறங்கக் கூடாது" என்றார்.

ஆசிரியைக்கு அது புரியக் கொஞ்சம் நேரம் பிடித்தது. புரிந்ததும் மறுபடி அழத் தொடங்கினார். மிஸ்ஸி முதலுதவிப் பெட்டியைத் திறந்து பஞ்சு எடுத்துக் கொடுத்தார். அன்று அந்தப் பெட்டிக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

"கிராணி, அடுத்த தடவையும் நீங்க வாங்க" என்றார் தலைமையாசிரியை.

"எண்ணவா?"

"கொடை புடிக்க."

கூட்டம் கூடினால் ஐஸ்கிரீம் மோட்டார் சைக்கிள் வராமல் இருக்குமா? மணி அடித்துக்கொண்டு வந்து மரத்தடியிலேயே நிறுத்திவிட்டது. பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் நான்தானே. வேலையை விட்டுவிட்டு வந்தவர்களைச் சும்மா அனுப்புவதும் முறையில்லை. எதிர்க் கடையில் எல்லாருக்கும் தேநீர் சொன்னேன். போலிஸ் இரண்டு, பொம்பா ஐந்து, குப்பை லோரி மூன்று, தபால்காரர், மிஸ்ஸி, ரொட்டி அண்ணன். பதிமூன்று. அன்று அந்த எண் என்னை விடுவதாக இல்லை. ஆசிரியையும் நானும் சேர்ந்து பதினைந்து. தலைமையாசிரியையும் பொம்பா நிலையத்தில் காவலுக்கு இருந்தவரும் தேநீர் வேண்டாம் என்றுவிட்டார்கள். வானத்தில் மேகம் மூன்றாகியிருந்தது.

ஐஸ்கிரீம்காரர் பதினான்கு கொடுத்ததாகச் சொன்னார்.

"பதிமூணுதான் தம்பி. பிள்ளைங்க பதிமூணு."

"பதினாலு, அங்கிள். நல்லா எண்ணிட்டேன்" என்றார் அவர். சுற்றி நின்றவர்கள் ஆவலோடு என்னைப் பார்த்தார்கள். எண்ணிக்கையில் வாதாடும் உரிமையை அன்றைக்கு நான் இழந்திருந்தேன். பதினான்குக்கே பணம் கொடுத்தேன்.

வெள்ளைக் கார் எங்களைத் தாண்டிப் போனபோதுதான் பார்த்தேன். தலைமையாசிரியை ஒரு கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். மறு கையில் ஐஸ்கிரீம்.

ஐஸ்கிரீம் ஒன்று ஒரு ரிங்கிட் ஐம்பது சென், பதினான்குக்கு இருபத்தொரு ரிங்கிட். தேநீர் ஒன்று இரண்டு ரிங்கிட் இருபது சென், பதினைந்துக்கு முப்பத்து மூன்று. ஆக மொத்தம் ஐம்பத்து நான்கு ரிங்கிட்.